மெத்தைக் கடைக்குப் படைப்பாளிகள் குடிவந்த கதை

அன்பு மகளுக்கு,

முட்டிவலியைச் சேர்க்காவிட்டால் நானும், காது மந்தத்தைச் சேர்க்காவிட்டால் உன் அப்பாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழாமல் இருப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். உன்னோடு வேலை செய்கிற பெண் போனை நீட்டி, "இந்த அம்மாவைப் பாரேன், கடை வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டு ஆபீஸருங்கள உள்ள விடமாட்டேங்குது" என்று சிரித்தாளாம், அது என் அம்மா என்று சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நீ பாத்ரூமில் ஒளிந்துகொண்டு எனக்குப் போன் செய்தாய். சொல்லியிருக்கலாம், அன்றைக்கு நான் நல்ல உடைதான் உடுத்தியிருந்தேன். "பேசாம வித்துட்டு இங்க வந்து சேர வேண்டியதுதானே, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப் போராட்டம்" என்று நீ மறுபடியும் கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா போனைப் பிடுங்கித் தன் வீரத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இந்த வீட்டில் போன் வந்தால் அது அவருக்குத்தான். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன், முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

நம் கடைத்தெரு எந்த அளவுக்குப் படுத்துப் போயிருந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ லீவுக்கு வரும்போதெல்லாம் உன்னைப் பின்பக்கச் சந்து வழியாகவே வீட்டுக்கு அழைத்து வந்தோம், பார்த்தால் மனசு கஷ்டப்படுவாய் என்று. செருப்புத் தொழிற்சாலையை மூடியதும் முதலில் சாப்பாட்டுக் கடை போனது, பிறகு சைக்கிள் கடை, பிறகு எதிர்வரிசை நகைக்கடை, கடைசியில் நம் மெத்தைக் கடை. வேலை போனவனுக்குத் தூக்கம் வராது, தூக்கம் வராதவன் மெத்தை வாங்க மாட்டான் என்று உன் அப்பா அதற்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். தெரு முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடந்தது, டீக்கடை ஒன்றைத் தவிர. நாய்கள் நடுரோட்டில் மல்லாந்து தூங்கும், எழுப்புவதற்கு ஒரு வண்டி வராது. நாங்களும் கடைக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் இருந்துகொண்டு, கடைப்பக்கக் கதவைத் திறக்காமலே பழகிவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி எங்கிருந்தோ ஒரு ஆலோசகரைப் பிடித்துக்கொண்டு வந்தது. சின்னப் பையன், மேலிருந்து கீழ்வரை கறுப்பு உடை, எதைப் பார்த்தாலும் "என்ன ஒரு வைப்" என்பான், இங்கிலீஷில் இடத்தின் களை என்று அர்த்தமாம், அதனால் டீக்கடையில் அவனுக்கு வைப் என்றே பேர் விழுந்துவிட்டது. நகராட்சி மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள் என்று நானும் போனேன். திரையில் நம் தெருவின் படத்தைப் போட்டு, "உங்க ஊர்ல துரு இருக்கு, அமைதி இருக்கு, காலி இடம் இருக்கு. இதெல்லாம் குறை இல்லங்க, சொத்து" என்றான். நகராட்சித் தலைவர் உடனே எழுந்து, "இத்தன வருஷமா நான் ஒண்ணுமே செய்யலன்னு சொன்னீங்களே, நான் சேத்து வச்ச சொத்தப் பாத்தீங்களா" என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள், அவர் கிண்டலாகச் சொன்னாரா நிஜமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திட்டம் இதுதான். மூடிக் கிடக்கிற கட்டடங்களைச் சொந்தக்காரர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு நகராட்சியிடம் கொடுக்க வேண்டும், நகராட்சி கூரையைச் சரிசெய்து, சொத்து வரியைத் தள்ளுபடி செய்து, அந்த இடங்களைப் படம் வரைகிறவர்கள், பொம்மை செய்கிறவர்கள், பாட்டுக்காரர்கள் போன்றவர்களுக்குக் கொஞ்ச வாடகைக்கு விடும். பெரிய ஊர்களில் வாடகை கொடுக்க முடியாமல் தவிக்கிற படைப்பாளிகள் இங்கே ஓடி வருவார்கள், அவர்கள் பின்னால் ஊரே எழுந்து வரும். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மாமா என் காதில், "அக்கா, வேலையில்லாதவங்க ஊர்ல ஏற்கெனவே இருக்காங்க, இதுக்கு எதுக்கு வெளியூர்லேர்ந்து இறக்கணும்" என்றான். அவன் அப்போதும் வீட்டு புரோக்கர்தான், ஆனால் விற்க வீடு இருந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை.

உன் அப்பா ஒரே பிடியாக முடியாது என்றார். குடும்பங்கள் வந்து கையால் அமுக்கிப் பார்த்து மெத்தை வாங்கிப் போன கடையில் கண்டவன் வந்து கிறுக்குவதா என்று கேட்டார். நான் அவரைக் கடைக்குள் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினேன். மழைக்காலம். மனிதர் கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூரையிலிருந்து ஒரு சொட்டு நேராக அவர் மூக்கில் விழுந்தது, சரி என்று சொல்லிவிட்டார்.

கீழ்த்தளத்துக்கு ஒரு பெண் வந்தாள், உன் வயது இருக்கும், களிமண்ணில் கப், கிண்ணம் செய்கிறவள். சக்கரத்தையும் கரண்டில் ஓடுகிற சூளையையும் இறக்கி வைத்துவிட்டு, முதல் நாளே எனக்கு ஒரு கப் கொடுத்தாள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. பாவம் கைதவறிவிட்டது என்று நினைத்து, "பரவாயில்லம்மா, போகப் போகச் சரியா வரும்" என்று தைரியம் சொன்னேன். "இல்ல ஆன்ட்டி, இத இப்படிக் கொண்டு வரத்தான் ஆறேழு வருஷம் ஆச்சு" என்றாள். அன்றிலிருந்து அவள் எங்களுக்குக் கோணல். மாடி அறைக்கு வந்தவன் ஒல்லியாக ஒரு ஆள், அவன் தொழில் சத்தம் பிடிப்பது. ஷட்டர் ஏறுகிற சத்தம், குழாய் சொட்டுகிற சத்தம், உன் அப்பா செருமுகிற சத்தம் எல்லாவற்றையும் மைக்கை நீட்டிப் பிடித்து வைத்துக்கொள்வான். எதற்கு என்றால் கேட்பதற்கு என்பான். அவனுக்குச் சத்தம் என்றே பேர், ஆனால் வாயைத் திறந்து பேசுவது வாரத்துக்கு ஒரு தடவை. எதிரே மூடியிருந்த நகைக்கடையில் ஒரு தாடிக்காரன் வந்து, நகை வைக்கிற கண்ணாடி அலமாரியிலெல்லாம் பெயின்ட் டப்பாவை அடுக்கிச் சுவர் உயரத்துக்குப் படம் வரைந்தான். திறப்பு விழாவில் நகராட்சித் தலைவருக்கு மரியாதை செய்யக் கோணலின் கப்பில் காபி ஊற்றிக் கொடுத்தார்கள். நேராகப் பிடித்தால் சாய்கிற கப், அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டையில் மார்பு முழுக்கக் காபி. வைப் மட்டும் உணர்ச்சிவசப்பட்டு, "கலை நம்ம மேல படணும்கிறது இதுதான்" என்று சொல்லி நிலைமையைக் காப்பாற்றினான்.

முதலில் எனக்கு இவர்களைப் பார்த்தால் சிரிப்புத்தான் வந்தது, அதை மறைக்க மாட்டேன். காலையில் எழுந்து பல் தேய்க்காமலே சுவரில் போட்ட ஒரு கோட்டை வெறித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் வந்து பார்த்து, "இதுல ஒரு கேள்வி இருக்கு" என்பார்கள், பதில் யாரிடமும் இருக்காது. ஆனால் கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது. கடைப்பக்கக் கதவை நான் திறந்தே வைக்க ஆரம்பித்திருந்தேன். மதியத்தில் கோணலின் சக்கரம் சுற்றுகிற ஓசை, தாடி எதிரிலிருந்து கத்துவது, படிக்கட்டில் ஏறி இறங்குகிற காலடி. எத்தனையோ காலம் கழித்து என் வீட்டில் நான் போடாத சத்தம் கேட்டது. அவர்கள் சண்டைக்கு நான்தான் பஞ்சாயத்து. சூளை போட்டால் மாடியில் மைக் இரைகிறது என்று சத்தம் குறைசொல்வான், அவன் ஷட்டரை ஏற்றி இறக்கினால் காய்கிற கப் அதிர்ந்து நேராகிவிடுகிறது என்று இவள் அழுவாள்.

ஒரு நாள் சத்தம் வந்து என் எதிரில் மைக்கை வைத்து, "இந்தத் தெருவுல எந்த ஷட்டருக்குப் பின்னாடி யாரு இருந்தாங்க, சும்மா நீங்க சொல்ற மாதிரியே சொல்லுங்கம்மா" என்றான். நான் சும்மா சொல்வேனா, எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பாட்டுக் கடைக்காரர் கடனுக்குச் சாப்பிட்டவர்கள் பேரைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டது, சைக்கிள் கடைக்காரர் தானே ஆணி போட்டுத் தானே பஞ்சர் ஒட்டியது, நகைக்கடை முதலாளி கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்துக்கொள்வது, தொழிற்சாலை மூடிய அன்று பெண்கள் எல்லாரும் ஒன்றும் பேசாமல் நடந்து போன விதம். அவன் அதை வெட்டி ஒட்டிக் காதுக்குள் ஒலிக்கிற மாதிரி செய்துவிட்டான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் ஒவ்வொரு ஷட்டர் முன்னாலும் என் குரல் கேட்கும். "நில்லு, எங்க அவசரமா போற, இந்தக் கடையப் பாரு" என்று நான் அதட்டுவதில் ஆரம்பிக்கும். யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வந்தார்கள். சனி ஞாயிறில் வண்டி வண்டியாக வந்தார்கள். ஹெட்போனோடு சிரித்துக்கொண்டே நடக்கிறவர்கள் தொழிற்சாலை வாசலில் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். நான் காய்கறி வாங்கப் போனால் என் குரலை அடையாளம் கண்டுபிடித்து, "அதட்டுற அம்மா" என்று பின்னாலேயே வருவார்கள். உன் அப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "கட்டின நாள்லேர்ந்து இலவசமா கேக்கறேன், இதுக்கு எவனாவது ஹெட்போன் மாட்டுவானா" என்றார்.

பிறகு ஊர் ஓட ஆரம்பித்தது பார், ஓட்டம். தெருமுனையில் ஒரு காபிக் கடை வந்தது, கோணல் கப்பில்தான் காபி. அந்தக் கடைக்காரன் புது ஷட்டர் வாங்கி, அதற்கு அமிலம் அடித்துத் துருப்பிடிக்க வைத்தான். நம் ஷட்டர் யார் உதவியும் இல்லாமல் துருப்பிடித்தது என்பதால் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசை நின்றது, அதற்கு எண்ணெய் போடப் போன உன் அப்பாவை வைப் ஓடி வந்து தடுத்தான். உன் மாமாவைச் சொல்லவே வேண்டாம். படைப்பாளிகளைப் பார்த்தாலே முகம் சுளித்தவன், விசிட்டிங் கார்டில் "கலைத்தெரு சொத்து வல்லுநர்" என்று அச்சடித்துக்கொண்டான். கழிவுநீர்க் கால்வாயைப் பார்த்த வீட்டை "நீரோடைப் பார்வை" என்று விற்றான். விலை ஏறியது, வாடகை ஏறியது. தாடி தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவனைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார், கலைஞர்கள் இருக்கிற தெருவில் வீடு கேட்டுப் பெரிய ஆட்கள் வருகிறார்களாம். கலைஞனே நான்தானே என்று இவன் கேட்டதற்கு, "அதனாலதாம்பா உங்கிட்ட மரியாதையா சொல்றேன்" என்றாராம். அவன் நகைக்கடைக்குள்ளேயே பாயைப் போட்டுக்கொண்டான்.

குறிப்பிட்ட காலம் முடிகிற சமயத்தில் மறுபடி கூட்டம் போட்டார்கள். இந்தத் தடவை பிஸ்கட் இல்லை, கேக். வைப் அதே கறுப்பு உடையில் திரையில் ஒரு பெரிய கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டினான். ஒரு கம்பெனி நம் தெருவின் இரண்டு வரிசையையும் மொத்தமாக வாங்கி இடித்துப் "படைப்பாளி வளாகம்" என்று கட்டப் போகிறதாம். கடைகள், வீடுகள், மாடியில் நீச்சல்குளம். கோணல் எழுந்து, "இதுல எங்களுக்கு இடம் எங்கே" என்று கேட்டாள். வைப் நெகிழ்ந்து போய், "உங்க பேருலதானே வளாகமே இருக்கு" என்றான். உங்கள் வேலை முடிந்தது, ஊரை எழுப்பிவிட்டீர்கள், நன்றி என்று ஆளுக்கொரு கேடயமும் கொடுத்தார்கள். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றதை நான் பார்த்தேன். அப்போது நகராட்சித் தலைவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நம்ம அம்மாவ மறக்கல. வளாகத்து லிஃப்ட்ல அம்மாவோட குரல்தான் ஒலிக்கப் போகுது. நில்லு, எங்க அவசரமா போற, ரெண்டாவது மாடின்னு" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு எழுந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது, எழுந்தேன். வாயில் வந்தது வேறு. "ஏங்க, கடைய இடிச்சிட்டு, அந்தக் கடையப் பத்திப் பேசின குரல மட்டும் பெட்டிக்குள்ள அடைச்சு மேலயும் கீழயும் ஏத்தி எறக்கப் போறீங்களா" என்று கேட்டுவிட்டேன். தலைவர், "ஆமாம்மா, அதுதான் மரியாதை" என்றார். கேக்கைத் தொடாமல் வீட்டுக்கு வந்தேன், அது எப்படிப்பட்ட கேக் என்று உனக்குத் தெரியாது, மேலே பழமெல்லாம் வைத்திருந்தார்கள்.

வீட்டில்தான் நிஜமான கூட்டம். கட்டடம் எங்கள் இரண்டு பேர் பேரிலும் இருக்கிறது, இரண்டு பேரும் சம்மதித்தால்தான் விற்க முடியும், எங்கள் வரிசையில் ஒருவர் மறுத்தாலும் கம்பெனிக்கு அந்த வரிசை உதவாது. உன் அப்பா விற்றுவிடலாம் என்றார். உன் மாமா அவரை முழுக்கத் தயார்செய்து வைத்திருந்தான், நம் கடையின் பழைய போர்டை வளாகத்து வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் வைப்பார்களாம், கீழே அப்பாவின் பேர் இருக்குமாம். "நம்ம பொண்ணே வித்துட்டு வான்னு சொல்றா, இந்தப் பசங்க இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போவாங்க, அவங்களுக்காக நீ ஏன் நிக்கிற" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். யோசித்து, அவர்களுக்காக இல்லை, எனக்காகத்தான் என்றேன். "உனக்கு அங்க என்ன இருக்கு" என்றார். அதற்கு நான் அழுதுவிட்டேன், அவர் பயந்து போய் டீ போடப் போனார். சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்தார், இரண்டு பேரும் வைராக்கியமாகக் குடித்தோம். பல நாள் வீட்டில் எங்களுக்குள் பேச்சு கிடையாது, எல்லாம் கோணல் வழியாகத்தான் தகவல் போகும்.

கம்பெனிக்காரர்கள் பொறுத்திருந்தால் அவரே என்னைக் கரைத்திருப்பார். அவர்கள் பொறுக்கவில்லை, முன்கூட்டியே போர்டைக் கழற்றிக்கொண்டு போக ஒரு பெண்ணை அனுப்பினார்கள். அவள் ஏணியில் ஏறிப் பார்த்து, "சார், இது போதுமான அளவுக்குப் பழசா தெரியல, லேசா சுரண்டிக்கலாமா" என்று கேட்டாள். உன் அப்பா கடையைத் திறந்த நாளில் தன் கையால் எழுதிய போர்டு அது. கடை மூடிய பிறகும் வருஷா வருஷம் ஏணி போட்டு, யாரும் பார்க்காத தெருவில், எழுத்துக்கு மேல் எழுத்தாக வர்ணம் பூசிக்கொண்டிருந்தார், நான்கூட வெட்டிவேலை என்று திட்டியிருக்கிறேன். அவர், "நீங்க எறங்குங்கம்மா, ஏணி வழுக்கும்" என்று மட்டும் சொல்லி, அவள் இறங்கியதும் ஏணியை மடக்கி உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காலம் முடிந்ததும் நகராட்சி ஆட்கள் பூட்டோடு வந்தார்கள். கோணலும் சத்தமும் சாமான்களைக் கட்ட ஆரம்பித்திருந்தார்கள், அவள் கப்புகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். நான் கல்லாவுக்குப் பின்னால் எத்தனையோ காலம் உட்கார்ந்த நாற்காலியை எடுத்து வந்து வாசலின் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன். வந்த ஆபீசர் நல்ல மனிதர்தான், நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அம்மா, நீங்க கட்டடத்த காலியா குடுத்தீங்க, நாங்க அதே நிலைமைல காலியா திருப்பித் தரணும்னு விதி இருக்கு" என்றார். அதே நிலைமையிலா என்று கேட்டேன். ஆமாம் என்றார். "நான் குடுக்கும்போது கூரை ஒழுகிச்சு. மூலைல எலி இருந்துச்சு, மாடியில புறா இருந்துச்சு, தெருவுல ஒரு ஆள் கிடையாது. அதையெல்லாம் மொதல்ல கொண்டாந்து வைங்க, அப்புறம் இவங்கள அனுப்பறேன்" என்றேன். ஆபீசர் தன்னோடு வந்தவரைப் பார்த்தார், வந்தவர் கூரையைப் பார்த்தார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு தெருவில் நடந்துகொண்டிருந்தவர்கள் காதுக்குள்ளேயும் என் குரல், வாசலிலும் என் குரல் என்றதும் கழற்றிவிட்டுக் கூடிவிட்டார்கள், போன்கள் எல்லாம் மேலே எழும்பின. உன் ஆபீஸ் பெண் பார்த்தது அந்தக் கட்டம்தான்.

அவள் பார்க்காதது அடுத்தது. என்னோடு பேசாத மனிதர், என் புருஷன், உள்ளேயிருந்து வந்தார். கடையின் கடைசி இரட்டை மெத்தை ஒன்று உறை பிரிக்காமல் பரணில் இருந்ததே, அதைத் தனியாளாக இழுத்துக்கொண்டு வந்து, என் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் போட்டு, தட்டிச் சரிசெய்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்துவிட்டார். ஆபீசர் குனிந்து, "ஐயா, என்ன பண்றீங்க" என்றார். "கடை திறந்திருக்குங்க, மெத்த எப்படி இருக்குன்னு வாங்கறவங்களுக்குக் காட்டறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். கூட்டம் சிரித்த சிரிப்பில் எதிர்வரிசையில் தாடி படம் வரைகிற பிரஷ்ஷோடு வெளியே வந்து நின்றான். என் பக்கம் திரும்பாமலே அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "முதுகு வலிச்சா சொல்லு, எடம் இருக்கு" என்றார். பல நாளுக்குப் பிறகு என்னோடு அவர் பேசிய முதல் வார்த்தை அது.

நகராட்சித் தலைவர் கோபமாகத்தான் வந்து இறங்கினார். கூட்டத்தையும் போன்களையும் பார்த்தார். அந்த முகம் மாறிய வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். நேராக வந்து தரையில் என் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, "இந்த இடம் மக்களோட இடம், இதுல யாராவது கைய வச்சாங்கன்னா மொதல்ல என்னத் தாண்டித்தான் போகணும்" என்று முழங்கினார். பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஆபீசர் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மறுநாளே எங்கள் வரிசையைக் காப்பாற்றியது திட்டத்தின் மூன்றாம் கட்டம் என்றும், அது முதலிலிருந்தே யோசித்து வைத்தது என்றும் அறிக்கை வந்தது. போகட்டும். நகராட்சியை நடுவில் வைக்காமல் நானும் உன் அப்பாவும் கோணலுக்கே நேரடியாக எழுதிக் கொடுத்துவிட்டோம், அவள் இருக்கிறவரை அதே வாடகை. உன் மாமா தலையில் அடித்துக்கொண்டு, "ஏத்தமாட்டேன்னு எழுதிக் குடுத்த வீட்டுக்காரிய என் சர்வீஸ்ல பாத்ததில்லக்கா" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, சொத்து விற்பதும் ஒரு கலைதானே, தனக்கு அந்த வாடகையில் ஒரு மூலை கிடைக்குமா என்று கேட்டான். என் கூடப் பிறந்தவன், என்ன செய்வது.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்துவிடாதே. எதிர்வரிசை முழுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டது, நகைக்கடையை இடித்தாகிவிட்டது. தாடியின் சுவர் உயரப் படத்தைக் கழற்ற முடியவில்லை, சுவரோடுதான் போயிற்று. நம் கடையிலேயே ஒரு ஓரமாக இருந்துகொள் என்று எவ்வளவோ சொன்னேன், எதிரே அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது ஆன்ட்டி என்று போய்விட்டான். டீக்கடைக்காரர் இப்போது தெருமுனைக் காபிக் கடையில் ஏப்ரன் கட்டிக்கொண்டு அதே டீயைப் போடுகிறார், நாமெல்லாம் வாங்க முடியாத விலைக்கு. என்னைப் பார்த்தால் கண்ணடித்து இலவசமாகக் கொடுக்கிறார், முதலாளி இல்லாதபோது. சத்தத்தை வேறொரு ஊர் கூப்பிட்டது, அங்கேயும் எல்லாக் கடையும் மூடிக் கிடக்கிறதாம், அங்கேயும் வைப்தான் ஆலோசகனாம். அங்கே யாராவது வீட்டுக்கார அம்மா இருந்தால் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள் என்று சொல்லி அனுப்பினேன். வாரத்துக்கு ஒரு தடவை பேசுகிறவன் அந்த வாரத்துப் பேச்சை அப்போது பேசினான். "நீங்க சொல்லும்போது மூச்சு விடறீங்கல்ல, அத நான் எங்கயும் வெட்டவே இல்லம்மா" என்றான். தன் பழைய மைக்கையும் பெட்டியையும் மாடியிலேயே வைத்துவிட்டுப் போனான்.

நீ ஏன் விற்கவில்லை என்று கேட்டாய், உன் அப்பாவும் எனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான். அந்தக் கடையில் ஒற்றை மெத்தையா இரட்டை மெத்தையா, பஞ்சா ரப்பரா என்று கேட்டுக்கொண்டே என் காலம் போனது, என்னிடம் யாரும் வேறொன்றும் கேட்டதில்லை, நானும் அதைக் குறையாக நினைத்ததில்லை. ஒருவன் வந்து உனக்குத் தெரிந்ததைச் சொல் என்று கேட்டான், நான் சொன்னதைக் கேட்க யார் யாரோ வந்தார்கள். அதற்கு ஒரு இடம் வேண்டியிருந்தது, ஒழுகாத கூரையும், கொடுக்கக் கூடிய வாடகையும், திறந்து வைத்த கதவும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது, வேறு ஒரு மந்திரமும் இல்லை, வைப் அதற்கு என்ன பேர் வைத்தாலும்.

மாடி அறைக்கு நிறையப் பேர் கேட்டு வருகிறார்கள், பொம்மைக்காரர் ஒருவர், காகிதத்தில் விளக்கு செய்கிற தம்பதி, உன் மாமா. நான் யாருக்கும் கொடுக்கவில்லை. அதை நான் எடுத்துக்கொண்டேன். வாடகையை உன் அப்பாவிடம் கொடுக்கிறேன், அவர் பாதியைத் திருப்பி என்னிடமே கொடுக்கிறார், கட்டடம் இருவர் பேரிலும் இருக்கிறதல்லவா. மதியம் சாப்பிட்டதும் ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கை வைத்துப் பேசுகிறேன். இந்தத் தடவை மூடின கடைகளைப் பற்றி இல்லை, இப்போது தெருவில் இருக்கிறவர்களைப் பற்றி, சிரிக்கிற மாதிரியும் இருக்கும், சிலருக்குக் கோபமும் வரும். நகராட்சித் தலைவர் அதில் தன்னைப் பற்றிய பகுதி எப்படி வந்திருக்கிறது என்று இப்போதே ஆள் விட்டு விசாரிக்கிறார். நான் உள்ளே இருக்கும்போது யாரும் தட்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். உன் அப்பா தட்டுவதில்லை, படிக்கட்டில் நின்று இருமுகிறார்.

மாப்பிள்ளையிடம் நான் விசாரித்ததாகச் சொல். குளிர் காலத்தில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, அந்த ஆபீஸ் பெண்ணிடம் அது யார் அம்மா என்று சொல்லிவிடு. நீங்கள் இருவரும் ஒன்றாகவும் நன்றாகவும், நினைத்ததை நினைத்தபடி செய்துகொண்டும் நீடூழி இருக்க எங்கள் இருவர் ஆசியும் என்றும் உண்டு. முக்கியமான ஒன்று, மறந்துவிடாதே. மதியச் சாப்பாட்டுக்கும் மாலை டீக்கும் நடுவில் இனி எனக்குப் போன் செய்யாதே. அப்போது நான் வேலையில் இருப்பேன்.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கிற, மதியம் மட்டும் நினைக்க நேரமில்லாத
உன் அம்மா